இரண்டு வேலைக்கு நடுவே ஆறு நாள்

சிவமயம்

எசன், மேற்கு ஜேர்மனி
14.08.1989

பஞ்சாங்கத்தையும் எங்களையும் என்றும் கைவிடாத கோபாலன் அத்தான் அவர்கட்கு,

தங்கள் தங்கை கலாதேவியின் கணவன் சிதம்பரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம் என்று முதலில் எழுதுவதுதான் முறை. முறையை மீறக்கூடாது என்பதற்காக அதை எழுதிவிட்டேன். மிச்சத்தைக் கீழே வாசித்து அறியவும். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் சுகமாக இருக்க வேண்டும் என்றும், ஊரடங்குச் சட்டம் இல்லாத ஒரு நாளில் தபால்காரன் இக்கடிதத்தைத் தங்கள் கையில் சேர்க்க வேண்டும் என்றும் எல்லாம்வல்ல முருகனை வேண்டுகிறேன்.

தாங்கள் ஜூலை பத்தாம் திகதி எழுதிய ஏழு பக்கக் கடிதம் கிடைத்தது. அத்தான், நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். நான் ஐந்து வருடமாகச் சட்டி பானை கழுவிய சாப்பாட்டுக் கடையை அதன் கிழட்டு முதலாளி ஜூலை முப்பத்தோராம் திகதியோடு மூடப்போகிறார், அடுத்த நாளே ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை தொடங்குகிறது, அங்கே வேலை பார்க்கும் மன்னார்ப் பொடியன் பீலிக்ஸ் தான் கேட்டு எடுத்துத் தந்தவன், ஓகஸ்ட் முதலாம் திகதி காலையில் எத்தனை மணிக்கு வலது காலை வைக்கலாம் என்றுதான் கேட்டேன். நான் கேட்டது நேரம். நீங்கள் நாளையே தூக்கி எறிந்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை, அதிலும் ஆடிச் செவ்வாய், அதிலும் ஆடி அமாவாசை, பிதிர்களுக்குரிய நாளில் புது வேலைக்குப் போனால் போனவன் திரும்பான் என்று எழுதி, அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடும் போட்டிருந்தீர்கள். சரி, புதன்கிழமை போகலாம் என்று பார்த்தால் அது அமாவாசைக்கு அடுத்த பாட்டிமை, வியாழன் மரணயோகம், வெள்ளி கரிநாள், சனி ஞாயிறு தொழிற்சாலையே பூட்டு. ஏழாம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மேல் உத்தமம் என்று முடித்திருந்தீர்கள். கொழும்பில் ஒன்பது பத்தென்றால் இங்கே காலை ஐந்து நாற்பது. தொழிற்சாலை தொடங்குவது ஐந்தரைக்கு. பத்து நிமிடம் வாசலில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டினால் சரிவரும் என்று நானும் கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் டொச் மொழியில் சொல்ல வேண்டுமே! அவரை இங்கே மைஸ்ரர் என்பார்கள், இரண்டு மா மூட்டையை இரண்டு கையில் தூக்கக்கூடிய மனிதர். பீலிக்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். “அண்ணை, ஆடி அமாவாசையை நான் என்னண்டு டொச்சில சொல்லுறது? நான் வேதக்காரன், எனக்கே வடிவாத் தெரியாது” என்று தலையைச் சொறிந்தான். “தகப்பனை நினைக்கிற நாள் எண்டு சொல்லடா” என்றேன். அவன் அப்படியே சொல்ல, மைஸ்ரர் உடனே தொப்பியைக் கழற்றி, என் கையை இரண்டு கையாலும் பிடித்து, துக்கம் விசாரித்தார். பிறகு, தகப்பனார் எப்போது காலமானார் என்று கேட்டார். பீலிக்ஸ் பொய் சொல்ல மாட்டான், மாதா கோயிலில் பாட்டுப் படிக்கிறவன். “எழுபத்தோராம் ஆண்டு” என்றான். மைஸ்ரர் பீலிக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைத் திரும்பப் போட்டார். “திங்கட்கிழமை வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியே வந்து பீலிக்ஸ், “அண்ணை, இனி உங்களுக்கு ஆரும் செத்தா என்னட்டச் சொல்லாதேங்கோ” என்றான்.

அதுவரைக்கும் சந்தோசம்தான். ஆறு நாள் லீவு கிடைத்த புளுகத்தில் வீட்டுக்கு வந்தேன். அன்று பின்னேரமே ராசன் வந்தான். ராசன் என்பவர் எங்கள் தெருவின் சட்டமேதை. ஆறு வருடமாக அகதி வழக்கு நடத்தி, தன் வழக்கைத் தவிர எல்லாருடைய வழக்குக்கும் ஆலோசனை சொல்கிறவர். “அண்ணை, உங்களுக்கு விசரே? இஞ்ச வேலையும் காப்புறுதியும் ஒட்டிப் பிறந்த பிள்ளையள். வேலை முடிஞ்ச நிமிசமே காப்புறுதியும் முடிஞ்சுது. இந்த ஆறு நாளுக்குள்ள உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் சொந்தக் காசு. ஆஸ்பத்திரியில படுத்தியளோ, பேந்து பத்து வருசம் கட்டோணும்” என்றான். டோர்ட்மண்டில் ஒருவருக்கு இப்படித்தான் நடந்ததாம். டோர்ட்மண்டில் இருப்பவர்கள் இதையே எசனில் நடந்த கதை என்று சொல்வதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்!

நான் நேர்மையான மனிதன் என்பது தாங்கள் அறிந்ததே. இங்கே டொக்டரிடம் போவதென்றால் காப்புறுதிக் கந்தோர் தருகிற சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். என் புத்தகத்தில் இரண்டு சீட்டு மிச்சம் இருந்தது. வேலை இல்லாதவன் கையில் அது இருந்தால் களவு என்றாகிவிடுமே என்று பயந்து, முப்பத்தோராம் திகதியே அதை ஒரு உறையில் போட்டு, “இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி, மீதி இரண்டும் இத்துடன்” என்று எனக்குத் தெரிந்த டொச்சில் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்தக் கந்தோர் திறந்த நாள் தொடக்கம் இப்படி ஒரு கடிதம் அவர்களுக்கு வந்திருக்காது.

கலாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஆறு நாள் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் அவள் பயந்துவிடுவாள். பாவம், அவளுக்கு இந்தக் கந்தோர் விசயம், சட்ட விசயம் ஒன்றும் தெரியாது. காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் கொஞ்ச நேரம் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள், அதுவும் பொழுதுபோகாமல். ஒரு குடும்பத்தைத் தாங்குகிறவன் சில பாரத்தை மனதோடு வைத்திருக்கத்தான் வேண்டும். நான் வைத்துக்கொண்டேன். ஆறு நாளும் மிகக் கவனமாக இருந்தேன். படியில் கைபிடித்து இறங்கினேன், சைக்கிளைத் தொடவில்லை, மீன் சாப்பிடவில்லை முள் குத்தும் என்று. தெருவில் ஒரு பிள்ளை இருமினால் மற்றப் பக்கத்துக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு விரதம் பிடித்தேன். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய்க் கறி இல்லாமல் எப்படி? எசனில் காத்தோட்டிக்காய்க்கு எங்கே போக? கலா கடையில் தேடித் தேடி, கடைசியில் போத்தலில் ஊறப்போட்ட புளி வெள்ளரிக்காயைக் கறியாக்கிப் படைத்தாள். அப்பா வாயில் வைத்தாரோ இல்லையோ, நான் மரியாதைக்கு நாலு துண்டு சாப்பிட்டேன். வியாழக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றி ஒரு நோ. வெள்ளரிக்காயின் வேலை என்று நினைத்தேன். பின்னேரம் அந்த நோ வலது பக்கமாக இறங்கிக் குடியேறியது. மரணயோகம் என்று எழுதியிருந்தீர்களே, அது ஞாபகம் வந்து வியர்த்துக் கொட்டியது.

கலா பார்த்துவிட்டாள். “என்னப்பா, முகம் கறுத்துக் கிடக்கு?” என்றாள். “ஒண்டுமில்லை, வாயு” என்றேன். ஓமத்தண்ணி வந்தது. பெருங்காயம் வந்தது. இஞ்சிச் சாறு வந்தது. எல்லாவற்றையும் குடித்துவிட்டு, நோவு போய்விட்டது என்று பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை நிமிர முடியவில்லை. குனிந்துகொண்டு நடந்தால், “என்ன தேடுறியள்?” என்று கேட்டாள். சில்லறை விழுந்துவிட்டது என்று வீடு முழுக்கத் தேடினேன். “டொக்டரிட்டப் போவம், வாங்கோ” என்று கெஞ்சினாள். “திங்கட்கிழமை போவம்” என்றேன். “ஏன் திங்கட்கிழமை?” “அண்டைக்குத்தான் நல்ல நாள். உன்ர அண்ணையே எழுதியிருக்கிறார்.” அவள் திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான், மெய்யாகச் சொல்கிறேன், வருத்தத்தைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்த முதல் நோயாளி நானாகத்தான் இருப்பேன். ஐந்து நாற்பதுக்கு வேலையில் சேர்ந்து, ஆறு மணிக்கு முறைப்படி மயங்கி விழுவதென்று திட்டம் போட்டிருந்தேன். புது முதலாளி, புதுக் காப்புறுதி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

ஆனால் நாங்கள் ஒன்று நினைக்கக் குடல் ஒன்று நினைத்தது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பீலிக்ஸின் மகளுக்குப் பிறந்தநாள். போகாவிட்டால் கலாவுக்குச் சந்தேகம் வரும் என்று போனேன். பீலிக்ஸின் மனுசி கொறற்றி ஒரு தட்டில் ஆட்டிறைச்சி றோல்ஸ் கொண்டுவந்து நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், முழு வீடும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எசனில் உள்ள அத்தனை தமிழருக்கும் தெரியும், சிதம்பரம் றோல்ஸ் வேண்டாம் என்று சொன்னால் அது சாகக் கிடக்கிற அறிகுறி. பீலிக்ஸ் என் நெற்றியில் கையை வைத்துவிட்டு நேரே ரெலிபோனுக்கு ஓடினான். நான் அவனைப் பிடிக்க எழும்பினேன். அதோடு கால் மடிந்து, பிள்ளையின் கேக்குக்குப் பக்கத்திலேயே விழுந்தேன். கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்புலன்சில் வந்த இரண்டு பேரும் என்னைத் தூக்க, நான் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டேன். “பீலிக்ஸ், வேண்டாமெண்டு சொல்லு! என்னட்டச் சீட்டு இல்லை, நான் திருப்பி அனுப்பிப்போட்டன்! திங்கட்கிழமை வரச் சொல்லு!” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த டொச்சிலும், “திங்கட்கிழமை, தயவுசெய்து திங்கட்கிழமை” என்று அவர்களிடமே மன்றாடினேன். அதில் ஒருவர் மிகவும் அன்பாக, “இல்லை ஐயா, இன்று சனிக்கிழமை” என்றார். மற்றவர் ஒரு தாளில், நோயாளிக்கு நாள் கிழமை தெரியவில்லை என்று எழுதினாராம். தெரிந்ததால் வந்த வினை என்று அவருக்கு யார் சொல்வது? கலா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதிரைக் காலில் இருந்து பிரித்தாள். அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். அன்று பின்னேரமே அறுத்துவிட்டார்கள். சீட்டு எங்கே என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

தாங்கள் குறித்துத் தந்த உத்தம நேரமாகிய திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிபோல ஆஸ்பத்திரிக் கந்தோரிலிருந்து பிரிங்க்மன் என்றொரு அம்மா கையில் படிவத்தோடு வந்தார். பீலிக்ஸும் கலாவும் பக்கத்தில் நின்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த அம்மா வாய் திறக்க முன்னம் நான் பாவசங்கீர்த்தனமே செய்துவிட்டேன். “பீலிக்ஸ், சொல்லு இவவுக்கு. வேலை முப்பத்தோராம் திகதியோட முடிஞ்சுது. புது வேலை இண்டைக்குத்தான். நடுவில எனக்கு ஒண்டுமில்லை. ஏமாத்த வரயில்லை எண்டு சொல்லு. மாதா மாதம் கட்டித் தீர்ப்பன், மறியல்சாலைக்கு மட்டும் அனுப்ப வேண்டாமெண்டு சொல்லு.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாட்டை விட்டு வந்தபோதுகூட நான் அழவில்லை. அன்றைக்கு, ஐந்து வருடம் பிசகாமல் மாதாமாதம் கட்டிவிட்டு, ஆறு நாளால் கடன்காரனாகப் போகிறேனே என்று அழுதேன்.

பீலிக்ஸ் நெடுநேரம் டொச்சில் பேசினான். இடையிடையே இருமினான். அந்த அம்மா கலாவைப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்த வருடம் ஜனவரியிலிருந்து புதுச் சட்டப் புத்தகம் ஒன்று நடைமுறையில் இருக்கிறதாம். அதன்படி, கட்டாயக் காப்புறுதியில் இருந்த ஒரு தொழிலாளிக்கு வேலை முடிந்து காப்புறுதி நின்றாலும், அவன் வேறு உழைப்புத் தொடங்காமல் இருந்தால், பிறகும் ஒரு மாதத்துக்குப் பழைய காப்புறுதியே வைத்தியத்தைப் பொறுப்பெடுக்க வேண்டுமாம். ஒரு சதமும் மேலதிகமாகக் கட்டத் தேவையில்லையாம். வேலைக்கும் வேலைக்கும் நடுவே மனிதன் கீழே விழக்கூடாது என்பதற்காக எழுதி வைத்திருக்கிறார்களாம். “அப்ப சீட்டைத் திருப்பி அனுப்பினது?” என்று கேட்டேன். “அது உங்கட விசர்” என்றான் பீலிக்ஸ். அந்த அம்மா அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அத்தான், கோபிக்க வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாங்கள் ஏழு பக்கம் எழுதி எனக்கு ஒரு நல்ல நாள் கண்டுபிடித்துத் தந்தீர்கள். இந்த அரசாங்கம் என்னிடம் சாதகமும் கேட்காமல் ஒரு முழு மாதமே தந்திருக்கிறது. அதற்குள் அட்டமி, நவமி, கரிநாள் எல்லாம் அடக்கம். மைஸ்ரர் ஒரு பெரிய பாணோடு வந்து பார்த்துவிட்டு, இருபத்தெட்டாம் திகதி வேலைக்கு வந்தால் போதும் என்றார். இந்த முறை தகப்பனாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ராகுகாலமாக இருந்தாலும் எமகண்டமாக இருந்தாலும் நான் போவேன். தயவுசெய்து பார்த்து எழுத வேண்டாம். இந்த அனுபவத்தில் நான் விளங்கிக்கொண்டது, ஒரு குடும்பத் தலைவன் சட்டத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான். கலாவுக்கும் இப்போது நானே எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தி வருகிறேன். நல்ல பொறுமையாகக் கேட்கிறாள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். தாங்கள் நூறு வயது நோய்நொடி இல்லாமலும், நோய் வந்தால் எந்தக் கிழமை என்று பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற புத்தியோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தி வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வயிற்றில் ஏழு தையலுடன்,
சிதம்பரம்

பி.கு.: அண்ணை, இது கலா எழுதுறன். தபாலில போடச் சொல்லி ஒட்டாமத் தந்தவர், வாசிச்சுப்போட்டன். அந்தச் சட்டம் உண்மைதான். ஆனா அது எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. நான் முதியோர் இல்லத்தில பங்குனி மாசத்தில இருந்து நாளுக்கு ஐஞ்சு மணித்தியாலம் வேலை, என்ர பேரில தனிக் காப்புறுதி. மனுசிக்குக் காப்புறுதி இருந்தா, வேலையில்லாத மனுசனும் அதுக்குள்ள வரலாம். இவற்ற கடை மூடப்போகுதெண்டு தெரிஞ்ச உடனையே நான் போய் இவற்ற பேரையும் பதிஞ்சுபோட்டன். ஓகஸ்ட் முதலாம் திகதியில இருந்து எல்லாம் ஒழுங்கு. அதுக்குக் காப்புறுதிக் கந்தோரால வந்த கடிதம் அரிசித் தகரத்துக்குக் கீழ கிடந்தது. சனிக்கிழமை வீட்டை ஓடிப்போய் எடுத்துவந்து ஆஸ்பத்திரியில நான்தான் அதைக் காட்டினனான். பிரிங்க்மன் அம்மா திங்கட்கிழமை வந்தது இவர் பண்டி இறைச்சி சாப்பிடுவாரோ எண்டு கேக்க. இவர் அழத் தொடங்கினவுடன நான்தான் பீலிக்ஸ் அண்ணைக்குக் கண் காட்டினனான், வெட்கப்படுவார் எண்டு. அந்த அம்மாவும் பாவம், கேட்ட கேள்விக்குச் சட்டத்தைச் சொல்லிப்போட்டுப் போனவ.

ஏன் முதலே சொல்லயில்லை எண்டு கேப்பியள். இவர் ஞாயிற்றுக்கிழமையில தமிழ்ச் சங்கத்தில இருந்துகொண்டு, என்ர மனுசி வேலைக்குப் போய் நான் சாப்பிடத் தேவையில்லை எண்டு சொல்லுறவர் அண்ணை. மனம் நோகாம எப்ப சொல்லலாம் எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தன். காசுக்குப் பயந்துதான் டொக்டரிட்ட வரமாட்டன் எண்டுறாரோ எண்டு வெள்ளிக்கிழமை தகரத்தைத் தூக்கிக் கடிதத்தைக் கையில எடுத்தனான். நல்ல நாள் எண்டு நீங்கள் எழுதினதெண்டவுடன, சரி, திங்கட்கிழமை இவர் புது வேலைக்குப் போற சந்தோசத்தில சொல்லுவம் எண்டு திரும்ப வைச்சிட்டன். நானும் நாள் பாத்தன் அண்ணை. ஒரு கடதாசியைக் காட்டாம இந்த மனுசனைச் சாகக் குடுக்கப் பாத்தன்.

இப்ப போய் எல்லாத்தையும் சொல்லிக் காப்புறுதிக் கடிதத்தையும் காட்டினன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். கோவிக்கப் போறார் எண்டு நிண்டன். “அப்ப இந்த ஆறு நாளும் நான் உன்ர பேரிலையோ இருந்தனான்?” எண்டு கேட்டார். ஓம் எண்டன். “மீனாவது சாப்பிட்டிருக்கலாம்” எண்டார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திட்டுது. “சிரிப்புக் காட்டாதை கலா, தையல் இழுக்குது” எண்டு என்ர கையைப் பிடிச்சு வயித்தில வைச்சுக்கொண்டு சிரிச்சார்.